லஸ்டரின் மேசைகள்: சார்ல்ஸ் லாமின் கடிதங்களைப் படிக்கும் முறை

ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம் வீட்டு வேலைக்காரப் பெண் பெக்கி ஒருநாள் அவரிடம் அழுக்குத் துண்டுக் காகிதம் ஒன்றை நீட்டினாள். லாமின் நண்பர், கவிஞர் கோல்ரிட்ஜ் வந்து எடுத்துக்கொண்டு போன புத்தகத்தின் பெயர் அதில் இருந்தது: ‘லஸ்டர்ஸ் டேபிள்ஸ்’. லாமுக்கு ஒன்றும் புரியவில்லை. மேசை எதையாவது தூக்கிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டார். மேசையெல்லாம் இல்லை, அது ஒரு புத்தகம் என்றாள் பெக்கி. அவரே அலமாரியைத் துழாவிப் பார்த்தபோதுதான் பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. போனது மார்ட்டின் லூதரின் ‘டேபிள் டாக்’. அது லாமுடையதுகூட இல்லை, நண்பர் ஒருவருடையது.

இதையெல்லாம் கோல்ரிட்ஜுக்கே கடிதமாக எழுதினார் லாம். வடக்குப் பக்கம், மேலிருந்து மூன்றாவது தட்டு, இரண்டு இடைவெளி, இரண்டு கோரைப்பல்லைத் தட்டிவிட்ட மாதிரி என்று இடம் சுட்டிச் சொல்கிறார். கடிதத்தில் தேதி இல்லை. 1820 என்று பதிப்பாசிரியர்கள் ஊகித்து வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘லண்டன் மேகசின்’ இதழில் ‘எலியா’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரை வருகிறது. மனிதர்களில் கடன் வாங்குபவர், கொடுப்பவர் என்று இரண்டே இனம் உண்டு என்பது அதன் பொருள். அங்கேயும் அலமாரி ஓட்டை வருகிறது, கோரைப்பல் வருகிறது. ஆனால் தட்டு மூன்றாவது அல்ல, அடித்தட்டு. ஓட்டை ஒன்றுதான். காணாமல் போனது லூதர் இல்லை, இடைக்கால இறையியலாளர் புனித பொனவெஞ்சரின் நூல். வாசிப்பறை இருப்பது ப்ளூம்ஸ்பரியில் என்கிறார். அந்த டிசம்பரில் லாம் குடியிருந்ததோ கோவன்ட் கார்டன் ரஸ்ஸல் தெருவில். கிரேட் ரஸ்ஸல் தெரு என்று இன்னொன்று ப்ளூம்ஸ்பரியில் உண்டு. வேண்டுமென்றே வாசகரைத் தவறான தெருவுக்கு அனுப்புகிற ஆள் இவர்.

லாமின் கடிதங்களைத் தொடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கட்டுரையைச் சாட்சியாக வைத்துக் கடிதத்துக்குத் தேதி போட முடியாது. கடிதத்தின் உள்ளடக்கத்தை மட்டும் நம்பியும் போட முடியாது. பொய் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அது கடிதத்தின் வெளிப்பக்கம். பழைய பதிப்பாசிரியர்கள் பலர் நகலெடுக்காமல் விட்டதும் அதைத்தான்.

லாம் 1775 பிப்ரவரி 10 அன்று பிறந்து 1834 டிசம்பர் 27 அன்று இறந்தவர். 1792 முதல் 1825 வரை 33 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் கணக்கு எழுதினார். வேலை நேரத்தில், அலுவலக மேசையிலேயே நிறையக் கடிதம் எழுதினார். கையில் கிடைப்பவை 1796 முதல் தொடங்குகின்றன. எல்லாம் சேர்ந்து ஆயிரத்தை ஒட்டி வரும். அனுப்பியவை பிழைத்திருக்கின்றன, ஏனெனில் பெற்றவர்கள் பத்திரப்படுத்தினார்கள். லாம் தனக்கு வந்தவற்றைச் சேர்த்துவைக்கிற பழக்கம் உள்ளவர் அல்ல. அதனால் ‘லாம் கடிதங்கள்’ என்று நாம் படிப்பது பெரும்பாலும் ஒற்றைக் குரல். எதிர்முனையில் என்ன சொல்லப்பட்டது என்பதை அவர் பதிலிலிருந்து பின்னோக்கி ஊகிக்க வேண்டும்.

சொந்தக் காகிதங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1796 செப்டம்பர் 22 அன்று அக்கா மேரி மனநிலை பிறழ்ந்த வேளையில் தாயைக் குத்திக் கொன்றார். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில், தன் கவிதைகளை எரித்துவிட்டதாகச் சொல்கிறார். தன் காதலைப் பற்றிய சிறு நாட்குறிப்பும், பியூமன்ட்–ஃபிளெட்சர் நாடகங்களிலிருந்தும் பிற நூல்களிலிருந்தும் எடுத்தெழுதிய நோட்டும் நெருப்பில் போயின. அந்த பியூமன்ட்–ஃபிளெட்சர் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

இனி ஒரு கடிதத்தைக் கையில் எடுப்போம். அக்காலத்தில் உறை வழக்கமில்லை. தபால் கூலி தாள் கணக்கில் வாங்கப்பட்டது. ஒரு தாளுக்கு ஒரு மடங்கு, இரண்டு தாளுக்கு இரு மடங்கு. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் யாரும் அதில் காசைக் கொட்டவில்லை. பெரிய தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். முதல் மூன்றில் எழுத்து. நான்காவது பக்கத்தின் நடுப்பட்டையில் முகவரி. அந்தப் பட்டைக்கு மேலும் கீழும் உள்ள இடம் மடிப்புக்குள் மறைந்துவிடும் என்பதால் அங்கேயும் நுணுக்கி எழுதுவார்கள். பிறகு மடித்துச் செருகி அரக்கு வைப்பார்கள், அல்லது மாவில் செய்த ஒட்டுவில்லை வைப்பார்கள். உறை பரவலானது 1840 ஜனவரி 10 முதல் நாடு முழுக்க ஒரு பென்னிக் கூலி வந்த பின்புதான். அதற்குள் லாம் இறந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது.

இதனால் நமக்கு ஒரு பெரிய லாபம். உறை இருந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்திருப்பார்கள். முகவரியும் தபால் முத்திரையும் கடிதத் தாளிலேயே இருப்பதால் கடிதம் பிழைத்தால் அவையும் பிழைக்கும். நட்டமும் உண்டு. பெற்றவர் அரக்கை உடைக்கும்போது தாள் கிழிந்து, மூன்றாம் பக்க ஓரத்தில் ஓட்டை விழும். அச்சிட்ட பதிப்பில் வரிசையாக மூன்று நான்கு வரிகளின் கடைசியில் ‘சொல் இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கிழிந்த துணுக்கு அரக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு, தாளின் எதிர்ப்பக்கம் இருக்கலாம். அங்கே பார்க்காமல் ‘சொல் இல்லை’ என்று குறிக்கக் கூடாது. அரக்கைச் சுரண்டியும் பார்க்கக் கூடாது. சாய்வான விளக்கொளியில் பூதக்கண்ணாடி போதும்.

நான்காவது பக்கத்தில் பேனாவால் கிறுக்கிய எண் ஒன்று இருக்கும். அழகில்லை, யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் எனக்கு முத்திரையைவிட அதுதான் பிடிக்கும். அது தபால்காரர் பெறுநரிடம் வாங்கவேண்டிய கூலி. 1812ஆம் ஆண்டுக் கட்டணப்படி 230 முதல் 300 மைல் வரை ஒற்றைத் தாளுக்கு 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். லண்டனிலிருந்து, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த ரைடல் கிராமம் இந்த எல்லைக்குள் வரும். ஒற்றைத் தாளாக நம்மிடம் இருக்கும் ரைடல் கடிதத்தில் இரண்டு ஷில்லிங் குறித்திருந்தால் என்ன அர்த்தம்? இன்னொரு தாள் உள்ளே இருந்திருக்கிறது. கவிதை நகலாக இருக்கலாம், மேரியின் கடிதமாக இருக்கலாம், மூன்றாம் ஆளுக்குச் சேர்க்கச் சொன்னதாக இருக்கலாம். எங்கோ ஓர் ஆவணக்காப்பகத்தில் ‘தேதியில்லை’ என்ற கோப்பில் கிடக்கும் தாள் அதுவாக இருக்கக்கூடும். மடிப்புக் கோடுகளின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகப் பயணித்தவையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கூலி எண்ணே இல்லாமல் ஒரு கையெழுத்து இருந்தால் அது நாடாளுமன்ற உறுப்பினரின் இலவசத் தபால் சலுகை. நண்பர்களிடம் சொல்லி அப்படி அனுப்புவது அன்றைய சிக்கனம். 1784 முதல் அந்த உறுப்பினர் தன் கையாலேயே இடம், நாள், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் முகவரியோடு எழுத வேண்டும் என்று சட்டம். தேதி போடாத லாமுக்கு அரசாங்கமே தேதி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது தபாலில் சேர்க்கும் நாள், எழுதிய நாள் அல்ல. நண்பர் வந்து கையெழுத்துப் போடும் வரை கடிதம் மேசையில் காத்திருந்திருக்கும்.

முத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை ‘தபாலான தேதி’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். லண்டனுக்குள் ஓடிய இரண்டு பென்னித் தபாலின் முத்திரையில் மணிநேரம்கூட உண்டு. நகரத்து நண்பருக்குக் காலையில் எழுதி மாலையில் சேர்ந்த கடிதங்களை அதை வைத்து ஒரே நாளுக்குள் முன்பின்னாக அடுக்கலாம். சிக்கல் எங்கே என்றால், ஆள் மூலம் கொடுத்தனுப்பியவை, புத்தகப் பொட்டலத்துக்குள் வைத்தவை. அவற்றில் முத்திரையும் இராது, கூலியும் இராது, முகவரியில் பெயர் மட்டும் இருக்கும். புத்தகக்காரர்களின் கடிதங்களில் இந்த வகை அதிகம், ஏனெனில் அவர்களிடையே எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் போய்வந்துகொண்டே இருக்கும்.

அப்போது கிழமை கைகொடுக்கும். மார்ச் 29 செவ்வாய் என்று மட்டும் தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். 1796க்கும் 1834க்கும் இடையில் அது ஆறு முறைதான் வருகிறது: 1796, 1803, 1808, 1814, 1825, 1831. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வீடு உதவும். லாம் குடும்பம் 1801 முதல் 1809 வரை மைட்டர் கோர்ட் பில்டிங்ஸ், 1817 வரை இன்னர் டெம்பிள் லேன், 1823 வரை ரஸ்ஸல் தெரு, 1827 வரை இஸ்லிங்டனில் கோல்புரூக் ரோ, 1833 வரை என்ஃபீல்ட், கடைசியில் எட்மன்டன். தன் முகவரியை அவர் பல சமயம் எழுதுவதில்லை. ஆனால் தோட்டம், படிக்கட்டு, சன்னலுக்கு வெளியே கேட்கும் சத்தம் என்று ஏதாவது வாய்தவறி வந்துவிடும். பெறுநர் முகவரியும் உதவும். வேர்ட்ஸ்வொர்த்துக்கு ரைடல் மவுன்ட் முகவரியில் போன கடிதம் 1813க்கு முந்தையதாக இருக்க முடியாது.

மிஞ்சுவது வாட்டர்மார்க். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகித ஆலையின் பெயரும் பல சமயம் ஆண்டும் தெரியும். 1794இல் வந்த சட்டப்படி, ஏற்றுமதியாகும் காகிதத்துக்கு வரியைத் திரும்பப் பெற அதில் ஆண்டு இருக்க வேண்டும். ஆகவே ஆலைகள் பொதுவாகவே ஆண்டைப் போட ஆரம்பித்தன. 1806 என்று இருந்தால் கடிதம் 1806க்கு முன்னால் எழுதப்பட்டதல்ல, அவ்வளவுதான் அது சொல்லும். அதையே கடிதத்தின் ஆண்டாக எடுத்துக்கொள்வது அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு. ஆலைகள் பழைய அச்சையே அடுத்த ஆண்டும் ஓட்டின. வாங்கிய கட்டுத்தாளும் தீர மாதக்கணக்காகும்.

சரி, கடிதத்தின் உட்பக்கத்தை ஏன் நம்பக் கூடாது? 1815 கிறிஸ்துமஸ் நாளன்று லாம் தாமஸ் மேனிங்குக்கு எழுதியதைப் பாருங்கள். மேனிங் கணிதக்காரர், சீனம் போனவர், 1811இல் லாசா வரை சென்றவர். கான்டன் நகரத்துக்குப் போன அந்தக் கடிதத்தில் நீ திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார் லாம். கோல்ரிட்ஜ் செத்துவிட்டார், செயின்ட் பால் தேவாலயம் இடிந்து குவியலாகக் கிடக்கிறது, இப்படிப் போகிறது. அத்தனையும் புளுகு. மறுநாள் 26ஆம் தேதி இன்னொரு கடிதம், இந்த முறை திரும்பும் கப்பல்கள் நிற்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு. அதில் உண்மையை ஒப்புக்கொள்கிறார். இரண்டு கடிதம், இரண்டு முகவரி, இரண்டு வழி. முதலாவது மட்டும் பிழைத்து இரண்டாவது தொலைந்திருந்தாலும் கோல்ரிட்ஜ் விஷயத்தில் நாம் ஏமாறமாட்டோம், அவர் பிரபலம். அவ்வளவு பெயர் இல்லாத ஒருவர் விஷயத்தில் நிச்சயம் ஏமாந்து அடிக்குறிப்பில் இறந்த ஆண்டைப் போட்டிருப்போம்.

கடிதம் கட்டுரையாகும்போது என்ன மாறுகிறது என்பதற்கு நல்ல இரண்டு சோடிகள் உண்டு.

1822 மார்ச் 9 அன்று கோல்ரிட்ஜுக்கு ஒரு கடிதம். யாரோ பன்றிக்குட்டி அனுப்பியது பற்றிப் பேச்சு. நடுவில் சிறுவயது நினைவு: அத்தை சிரமப்பட்டு ஆறு பென்னிக்கு வாங்கித்தந்த பிளம் கேக்கை, வீடு திரும்பும்போது பரோ பகுதியில் எதிர்ப்பட்ட ஒரு கிழவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அத்தை முகத்தை நினைத்துத் துடித்தது. அவர் பிச்சைக்காரர் அல்ல, கிட்டத்தட்ட அப்படி என்கிறது கடிதம். அதே ஆண்டு செப்டம்பரில் வறுத்த பன்றி பற்றிய கட்டுரை அச்சாகிறது. அங்கே பையன் பள்ளிக்குப் போகிறான், லண்டன் பாலத்தின் மேல். கேக் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது, ஆவி பறக்கிறது. கிழவர் பிச்சைக்காரர், அதுவும் போலிப் பிச்சைக்காரர் என்று இப்போது சந்தேகமில்லை என்கிறார். ஆறு பென்னி போய்விட்டது. கடிதத்தில் விலை இருக்கிறது, கட்டுரையில் ஆவி இருக்கிறது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் ஆவியைத் தொட்டால் சுட்டுக்கொள்வார்.

அடுத்தது ஓய்வு. 1825 ஏப்ரல் 6 அன்று வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதுகிறார்: போன வாரம் செவ்வாய்க்கிழமை நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிட்டேன், 33 வருட அடிமைத்தனம் முடிந்தது, வருடத்துக்கு 441 பவுண்டு. ஏப்ரல் 6 புதன். போன வாரச் செவ்வாய் மார்ச் 29. மேலே பார்த்த ஆறு ஆண்டுகளில் 1825 ஏன் இருந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா. இந்த ஓய்வைப் பற்றி எழுதிய கட்டுரையிலோ 36 வருடம், ஏப்ரல் 12 மாலை, மின்சிங் லேனில் கற்பனையான ஒரு வணிக நிறுவனம். கட்டுரையை வைத்துத் தேதி போட்டால் இரண்டு வாரமும் மூன்று வருடமும் தப்பும்.

இன்னும் நுட்பமாகத் தப்பவைக்கும் ஒன்று ‘பழைய பீங்கான்’ கட்டுரை, 1823 மார்ச் இதழ். சனிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் இஸ்லிங்டனிலிருந்து கிளம்பி, கோவன்ட் கார்டன் பார்க்கர் கடையில் பியூமன்ட்–ஃபிளெட்சர் ஃபோலியோவை, அதாவது பெரிய அளவுப் புத்தகத்தை, வாங்கி வருகிறார். காசு சேர்த்தது, கழன்ற தாள்களை அன்றிரவே பசை வைத்து ஒட்டியது, பதினைந்து ஷில்லிங்கா பதினாறா என்ற ஞாபகப் பிசகு, எல்லாம் உண்டு. இஸ்லிங்டன் என்றதும் கோல்புரூக் ரோ என்று எழுதிவிடத் தோன்றும். அந்த வீட்டுக்கு அவர்கள் போனது 1823 ஆகஸ்டில்தான், கட்டுரை வெளிவந்து ஐந்து மாதம் கழித்து. இது அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முந்தைய, பக்கத்துப் பென்டன்வில் குடியிருப்புக் காலம்.

பதிப்புகள் பற்றிச் சுருக்கமாக. நண்பர் டால்ஃபர்ட் 1837இல் முதல் தொகுப்பை வெளியிட்டபோது மேரி உயிரோடு இருந்தார். 1796இல் நடந்ததை டால்ஃபர்ட் சொல்லவில்லை. அந்தக் கடிதங்கள் மேரி 1847 மே மாதம் இறந்த பிறகு, 1848இல் வந்த அடுத்த தொகுப்பில்தான் வெளியாயின. மனிதாபிமானத்தோடு செய்த மறைப்பு, குறை சொல்ல மனம் வராது. ஆனால் டால்ஃபர்ட்டின் கத்தரி மேரிக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் வேலை செய்தது, அதற்கு மன்னிப்பில்லை. இ. வி. லூகாஸ் 1935இல் மூன்று தொகுதி கொண்டுவந்தார். எட்வின் மார்ஸ் 1975 முதல் 1978 வரை கார்னெல் பல்கலைக்கழகம் வழியாக மூன்று தொகுதி வெளியிட்டார். முகவரி, முத்திரை எல்லாம் மூலத்தைப் பார்த்துக் குறித்தவர் அவர். 1817 வரைதான் வந்தது. எலியா கட்டுரைகள் தொடங்குவது 1820இல். ஆகவே கட்டுரையாளர் லாமைத் தேடுகிறவருக்குத் தேவையான ஆண்டுகளுக்கு இன்னும் லூகாஸ்தான் துணை. 1817 வரை மார்ஸ், பிறகு லூகாஸ் என்று இரண்டையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் நல்ல எண்ணிக்கை உண்டு.

மூலத்தையோ அதன் படத்தையோ பார்த்து நகலெடுக்கிறவர்கள் நான்கு பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ‘எழுத்துள்ள பக்கம் மட்டும்’ என்று அனுப்பினால் பாதிச் சாட்சி போயிற்று. அடித்தல்களை அப்படியே குறியுங்கள். சார்ல்ஸ் எழுதிய வரி எது, மேரி எழுதிய வரி எது என்று பிரித்துக் காட்டுங்கள், ஒரே தாளில் இருவரும் எழுதுவது அந்த வீட்டு வழக்கம். எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது. ‘லஸ்டர்ஸ்’ என்பதைப் பொறுப்பாக ‘லூதர்ஸ்’ என்று ஒருவர் திருத்தியிருந்தால் பெக்கியின் குரலே அணைந்துபோயிருக்கும், லாம் மேசையைத் தேடிய காரணமும் புரியாது. கடிதத்தின் அடியில் சதுரமாக ஒரு வெட்டு இருந்தால் கையொப்பம் சேகரிப்பவர் வேலை. கையொப்பத்தோடு அதன் பின்பக்கத்து வரிகளும் போயிருக்கும். அந்தத் துண்டு வேறு எங்காவது ஆல்பத்தில் ஒட்டியிருக்கலாம். பசை வழியே பின்பக்க எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது எந்தக் கடிதத்தின் நடு என்று பொருத்திப் பார்க்கலாம். இரும்புச்சத்து மையில் எழுதிய தாளுக்கு நீர் ஆகாது. மை காகிதத்தை அரித்துக்கொண்டிருக்கும், ஈரம் அதை வேகப்படுத்தும். மடிப்பை விரிக்க ஈரப்பதம் காட்டுவதைப் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். ஒட்டு டேப் பக்கமே போக வேண்டாம்.

புத்தகங்களும் இந்தக் காகிதங்களில் சேர்த்திதான். லாமின் நூலகம் வளர்ப்பு மகள் எம்மா ஐசோலாவின் கணவர், பதிப்பாளர் மாக்ஸன் கைக்குப் போயிற்று. அதில் சுமார் 60 நூல்கள் 1848இல் நியூயார்க்கில் பார்ட்லெட் அண்டு வெல்ஃபோர்டு கடையில் விற்பனைக்கு வந்தன. பட்டியலில் இல்லாதவை எங்கெங்கோ.

அந்த பியூமன்ட்–ஃபிளெட்சர் ஃபோலியோ, 1679 அச்சு, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோல்ரிட்ஜ் அதையும் இரவல் வாங்கி ஓரமெல்லாம் எழுதி நிரப்பியிருக்கிறார். ஓரிடத்தில் லாமுக்கே ஒரு குறிப்பு: நான் அதிக நாள் இருக்கப்போவதில்லை சார்ல்ஸ், நான் போன பிறகு, ஒரு நினைவுச் சின்னம் விட்டுப்போகப் புத்தகத்தைக் கெடுத்தேன் என்று நீ வருந்தமாட்டாய். பிறகு கிட்டத்தட்ட 23 ஆண்டு இருந்தார், லாமுக்கு ஐந்து மாதம் முன்னால்தான் இறந்தார். குறிப்பின் கீழே மட்டும் தவறாமல் எழுதியிருக்கிறார், 1811 அக்டோபர் என்று.